பல் போனபின் தாடைத் தசை: அல்ட்ராசவுண்டு சொல்வதும், அதைச் சரியாகப் படிப்பதும்

பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு, காதுக்கு முன்னால் தாடை மூலைக்குச் சற்று மேலே விரல் வைத்துப் பார்த்தால் ஒரு தசை புடைத்து எழும்பும். அதுதான் மாசிட்டர். கன்னத்து எலும்பு வளைவில் தொடங்கிக் கீழ்த்தாடை எலும்பின் வெளிப்பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. வாயை மூடி மெல்லும் வேலையில் பெரும்பங்கு இதற்கும் நெற்றிப்பொட்டில் விரிந்து கிடக்கும் டெம்போராலிஸ் தசைக்கும் உரியது. தாடை எலும்பின் உட்புறம் இருக்கும் இரண்டு டெரிகாயிட் தசைகள் இவற்றோடு சேர்ந்து உழைக்கின்றன. பல் போனவுடன் இந்தத் தசைகளின் வேலை ஒரே நாளில் மாறிவிடுகிறது. தசை மெலிவதோ சில மாதங்கள், சில ஆண்டுகளில் நடக்கிறது. அந்த மெலிவைக் கதிர்வீச்சு இல்லாமல், ஊசி இல்லாமல், திரும்பத் திரும்ப அளந்து பார்க்க உதவுவது அல்ட்ராசவுண்டு.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சங்கதி தினசரி சாப்பாட்டோடு கலந்தது. கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிச் சோறு வெள்ளை அரிசிச் சோறு மாதிரி வாயில் கரைந்துவிடாது, மென்றுதான் விழுங்க வேண்டும். கடைவாய்ப் பல் போனவர் முதலில் சோற்றைக் குழைய வைக்கச் சொல்வார், அப்புறம் கஞ்சிக்கு வருவார், அப்புறம் பாலில் ஊறிய பன்னும் பழமுமாகிவிடும். நிலக்கடலையும் முறுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு. மெல்லும் வேலை குறையக் குறைய தசை இளைக்கிறது, தசை இளைக்க இளைக்க மெல்லும் ஆசையும் குறைகிறது. இந்தச் சுழலை "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதே பெரிய தவறு. வயதால் வரும் மெலிவு ஒன்று, வேலையில்லாமல் வரும் மெலிவு வேறொன்று. இரண்டாவதை ஓரளவாவது மீட்க முடியும்.

பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. அதில் உள்ள உணர்நரம்புகள்தான் "இது கடலை, இவ்வளவு அழுத்து", "இது கல், நிறுத்து" என்று மூளைக்குச் சொல்கின்றன. பல்லைப் பிடுங்கினால் அந்த நார்ப்படலமும் போகிறது. பல்செட் போட்டவருக்கு அந்த வேலையை ஈறுத் தோலும் தாடை மூட்டும் தசையில் உள்ள உணர்விகளும் அரைகுறையாகப் பார்த்துக்கொள்கின்றன. அதோடு ஈறு வலிக்கும், செட் நழுவும். ஆகவே முழுசெட் போட்டவரின் கடிவிசை சொந்தப் பல் உள்ளவரின் கடிவிசையில் நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் பெரும்பாலும் நிற்கிறது. ஒரே உணவை அதே அளவு பொடியாக்க அவர் பல மடங்கு அதிகம் மெல்ல வேண்டும்.

தசை உண்மையிலேயே மெலிகிறதா என்ற கேள்விக்கு முன்பு சி.டி. ஸ்கேன்தான் விடை தந்தது. நியூட்டன், யெம் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் வயது ஏற ஏற மாசிட்டர், உள் டெரிகாயிட் ஆகியவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பும் அடர்த்தியும் குறைவது தெரிந்தது. பல் இல்லாதவர்களிடம் அந்தக் குறைவு கூடுதல். ஆனால் ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி.க்கு அனுப்புவது நியாயமில்லை. அல்ட்ராசவுண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கு ஒரு குறையும் உண்டு: எலும்புக்குப் பின்னால் அது பார்க்காது. மாசிட்டர், டெம்போராலிஸ், தாடைக்கு அடியில் இருக்கும் வாய் திறக்கும் சிறு தசைகள் ஆகியவை நன்றாகத் தெரியும். டெரிகாயிட் தசைகளை நம்பி அளக்க முடியாது. ஆகவே "மெல்லும் தசைகள் சாதாரணம்" என்று அல்ட்ராசவுண்டு அறிக்கை எழுதினால், அதில் பாதித் தசைகளைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

அளக்கும் முறை எளிதாகத் தோன்றும், தப்பு செய்ய இடம் நிறைய. 10 மெகாஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம் உள்ள நேர்கோட்டு புரோப் (தோலின் மேல் வைக்கும் தட்டை முனைக் கருவி) போதும். ஆழம் 3 முதல் 4 சென்டிமீட்டர். நோயாளி முதுகு சாய்ந்து நேராக உட்கார வேண்டும், பார்வை நேர் எதிரே. படுக்க வைத்து எடுப்பதும் உண்டு. ஆனால் பல் இல்லாத முதியவர் மல்லாந்தவுடன் தாடை பின்னால் சரிந்து வாய் திறந்துகொள்ளும், தளர்ந்த நிலை எது என்றே நிச்சயமில்லாமல் போகும். காதுக் குருத்தின் கீழ்ப்பள்ளத்திலிருந்து வாய் மூலைக்கு ஒரு கற்பனைக்கோடு போட்டு, கன்னத்து எலும்புக்கும் தாடை மூலைக்கும் நடுவே தசை அதிகம் தடித்த இடத்தில் புரோப்பைக் குறுக்காக வைக்க வேண்டும். திரையில் மேலே தோலும் கொழுப்பும், நடுவே கறுத்த பின்னணியில் வெள்ளைக் கீற்றுகளோடு தசை, அடியில் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தாடை எலும்பு, அதன் பின்னால் இருட்டு. தசையின் மேலுறையின் உள்விளிம்பிலிருந்து எலும்புக் கோட்டின் மேல்விளிம்பு வரை அளவுக்குறி வைத்து எடுப்பதுதான் தடிமன்.

எலும்புக் கோடு மங்கலாகவோ இரட்டையாகவோ தெரிந்தால் புரோப் சாய்ந்திருக்கிறது என்று பொருள். சாய்வின் விலையைக் கணக்கிட்டே சொல்லலாம். உண்மையில் 10 மில்லிமீட்டர் உள்ள தசையை 20 டிகிரி சாய்த்து அளந்தால் 10.6 வரும், 30 டிகிரி சாய்த்தால் 11.5. பல்செட் போட்ட மூன்று மாதத்தில் தசை ஒன்றரை மில்லிமீட்டர் தேறியது என்று எழுதப்படும் முன்னேற்றம் வெறும் மணிக்கட்டுச் சாய்வாக இருக்கக்கூடும். அழுத்தினால் இதற்கு நேர்மாறு: கன்னத்தின் மேல் புரோப்பை அமுக்கினால் தளர்ந்த தசை ஒரு மில்லிமீட்டர் சுலபமாகச் சப்பையாகிவிடும். கடித்து இறுகிய தசை அவ்வளவு அமுங்காது. விளைவு, தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பொய்யாகப் பெருகும். புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் ஒரு கறுத்த பட்டையாகத் திரையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தப் பட்டை மறைந்தால் கை கனத்துவிட்டது.

பல் இல்லாதவரிடம் இது இன்னும் சிரமம். கன்னம் ஒடுங்கி உள்ளே போயிருக்கும், தட்டையான புரோப்பின் ஒரு முனை எலும்பில் முட்டும், மறு முனை காற்றில் நிற்கும். ஜெல்லைத் தாராளமாகக் குவித்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அமுக்கி நிரப்பக்கூடாது. இரண்டு நாள் தாடியோடு வருகிற பெரியவர்களிடம் முடிக்கு நடுவே காற்று சிக்கிப் படம் முழுக்கக் கோடுகோடாக விழும். ஜெல்லை முடிக்குள் விரலால் தேய்த்துவிட்டு அரை நிமிடம் பொறுத்தால் சரியாகும். இன்னொரு கண்ணி உமிழ்நீர்ச் சுரப்பி. காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் சுரப்பியின் முன்நுனியும் அதன் குழாயும் மாசிட்டரின் மேல் படிந்து ஓடுகின்றன. சுரப்பி ஒரே சீரான வெளிர் சாம்பலாக இருக்கும், தசையில் கீற்றுகள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் மெலிந்த தசையும் ஆரோக்கியமாகத் தெரியும். சந்தேகமானால் கடிக்கச் சொல்லிப் பார்க்கலாம்: தசை தடிக்கும், சுரப்பி தடிக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வாய்க்குள் என்ன இருக்கிறது என்பது. பல் உள்ளவரிடம் "தளர்ந்த நிலை" என்றால் உதடு மூடி, மேல்கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளியோடு தாடை தொங்கும் நிலை. பல்லும் இல்லை, செட்டும் போடவில்லை என்றால் தாடை அதைத் தாண்டி மேலேறி மூக்கை நோக்கிப் போகும். தசையின் இரு முனைகளும் நெருங்கும், நீளம் குறையும், நடுவில் தடிக்கும். கொள்ளளவு மாறாத எந்தத் தசையும் அப்படித்தான். ஆகவே செட் இல்லாமல் அளந்தால் இளைத்த தசை இளைக்காததுபோல் காட்டும். செட் போட்டவுடன் தாடை பழைய உயரத்துக்கு இறங்கும், தசை நீளும், அதே நிமிடத்தில் தடிமன் குறைந்ததாகப் பதிவாகும். செட் போட்டதால் தசை கெட்டுவிட்டது என்று இதைப் படித்தால் அநியாயம்.

"இறுக்கிக் கடித்த நிலை"யிலும் இதே சிக்கல். கடிக்க ஏதாவது இருந்தால்தானே கடிக்க முடியும்? வெறும் ஈறோடு ஈறை அழுத்தினால் வலிக்கும், பாதி விசையிலேயே நின்றுவிடுவார்கள். செட் இன்னும் தயாராகவில்லை, ஆனால் முதல் அளவு வேண்டும் என்றால், செட் செய்யும்போது தாடை உயரம் குறிக்கப் பயன்படும் மெழுகுத் திட்டை வாயில் வைத்து அதன் மேல் கடிக்கச் சொல்வது நல்ல வழி. உயரமும் நிலைக்கும், கடிக்கப் பிடிப்பும் கிடைக்கும். மெழுகு இல்லாத இடத்தில் இரு பக்கமும் பஞ்சுருளை வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பருமன் உருளையாக இருக்க வேண்டும்.

கடிக்கச் சொல்லும் வார்த்தைக்கும் எடை உண்டு. ஸ்கேன் எடுப்பவர் மலையாளத்தில் மென்மையாகச் சொல்வார், பாட்டி மரியாதைக்கு லேசாகப் பல்லைச் சேர்த்துவிட்டு "ஆச்சுங்களா?" என்பார். "ஆத்தா, நல்லா இறுக்கிக் கடிச்சுப் புடிங்க, நான் சொல்ற வரைக்கும் உட்றாதீங்க" என்று அவர் பேச்சிலேயே சொல்லி, தாடையில் கை வைத்துத் தசை புடைத்ததை உறுதி செய்த பிறகே படத்தை நிறுத்த வேண்டும். மூன்று நொடி பிடித்தால் போதும். அடுத்த கடிக்கு முன் ஒரு நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு பக்கமும் தளர்வில் மூன்று, இறுக்கத்தில் மூன்று அளவு எடுத்துச் சராசரி போட வேண்டும். சாப்பிட்ட கையோடும் வெற்றிலை மென்றுகொண்டும் வந்தால் தசையில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு எடுப்பது நல்லது.

எந்த எண்ணோடு ஒப்பிடுவது? கிளியாரிடிஸ், கேலெபோ இருவரும் 1991இல் பல் உள்ள இளையவர்களிடம் அளந்தபோது ஆண்களுக்குத் தளர்வில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், இறுக்கத்தில் 15. பெண்களுக்கு 9, 13 என்ற அளவில் வந்தது. இதைத் தலைமேல் வைத்துக்கொண்டு 70 வயது ஆத்தாவின் 7 மில்லிமீட்டரை நோய் என்று எழுதக்கூடாது. வயது, பால், உடல் எடை, முக அமைப்பு எல்லாம் இந்த எண்ணை மாற்றும். நீள முகக்காரருக்கு மாசிட்டர் இயல்பிலேயே மெல்லியது, சதுரத் தாடைக்குத் தடித்தது. தூக்கத்தில் பல் நறநறப்பவருக்கும் பல வருடம் பாக்கு மென்றவருக்கும் தசை பெருத்திருக்கலாம். ஒப்பீட்டுக்கு அதே வயது, அதே பால், பல் உள்ளவர்கள் வேண்டும். "பல் உள்ளவர்" என்பதையும் கறாராகப் பார்க்க வேண்டும். முன்பல் ஆறு மட்டும் மிச்சமிருப்பவர் கணக்கில் பல் உள்ளவர், மெல்லுவதில் இல்லாதவர். மேலும் கீழும் நேருக்கு நேர் சந்திக்கும் கடைவாய்ப் பல் எத்தனை ஜோடி என்று எண்ணுவதே சரியான கேள்வி. 80 வயதில் 20 சொந்தப் பல் என்று ஜப்பான் 1989இல் தொடங்கிய 8020 இயக்கம் குறிவைத்ததும் இந்த மெல்லும் திறனைத்தான்.

தனி ஒருவரைத் தொடர்ந்து பார்க்கும்போது தடிமனை விட, தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் உள்ள இடைவெளி அதிகம் பேசுகிறது. 8 மில்லிமீட்டர் தசை கடித்தால் 11.5 ஆனால் அது உழைக்கும் தசை. 9 உள்ளது கடித்தும் 9.8க்கு மேல் போகவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: கடிக்க வலிக்கிறது, கடிக்கப் பிடிப்பில்லை, அல்லது தசையில் நார் குறைந்து கொழுப்பு கூடிவிட்டது. மூன்றாவதை நிறம் காட்டும். நல்ல தசை கறுப்பாக, நடுவே கூர்மையான வெள்ளைக் கீற்றுகளோடு இருக்கும். கொழுப்பும் நார்த்திசுவும் சேரச் சேர மொத்தமாக வெளுத்து, கீற்றுகள் கரைந்து, கடைசியில் எலும்புக் கோடே மங்கும். இந்த வெளுப்பைக் கணினியில் 0 முதல் 255 வரையான சாம்பல் அளவாகவும் எடுக்கலாம். ஆனால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை ஒரு திருகு திருகினாலே அந்த எண் மாறிவிடும்.

கேரள, தமிழக எல்லைப்புறத்தில் இது நடைமுறைச் சிக்கலாகவே வருகிறது. கேரள சமூக நீதித் துறையின் மந்தஹாசம் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு இலவசப் பல்செட் கிடைக்கிறது. செட் பாலக்காட்டுப் பக்கம் கட்டுவார்கள், மகன் வீடு பொள்ளாச்சியில் என்பதால் ஸ்கேன் அங்கே எடுப்பார்கள், மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன் சித்தூரில். தடிமனை, முறை ஒன்றாக இருந்தால், இரு இயந்திரங்களுக்கு நடுவே ஓரளவு ஒப்பிடலாம். நிறத்தை ஒப்பிடவே கூடாது. தொடர்ந்து பார்க்கப் போகிறோம் என்றால் ஒரே மையத்தில், ஒரே புரோப்பில், முடிந்தால் ஒரே ஆளிடம், கெயின், ஆழம், அதிர்வெண் மூன்றையும் குறித்து வைத்து எடுக்க வேண்டும்.

பல் டாக்டரே ஒரு சிறு இயந்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கன்னத்தை மட்டும்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி வாங்கிவிட முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அல்ட்ராசவுண்டு இயந்திரத்தையே கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற இடத்துக்குத்தான் விற்க வேண்டும். கையில் எடுத்துப் போகும் சிறு இயந்திரங்களுக்கு 2012இல் விதி இன்னும் இறுகியது. ஒரு மாவட்டத்தில் பதிவான இயந்திரத்தை வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி முகாமுக்குக் கொண்டுபோவது குற்றமாகிவிடும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம், அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. பதிவு பெற்ற ஸ்கேன் மையத்தோடு பல் மருத்துவர் பேசி, முறையை எழுதிக் கொடுத்து, நோயாளியைச் சீட்டோடு அனுப்புவதுதான் சரியான வழி.

அந்தச் சீட்டில் "மாசிட்டர் தடிமன்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. இரு பக்கமும், தளர்வும் இறுக்கமும், செட் போட்டும் கழற்றியும் என்று கேட்க வேண்டும். எந்தப் பக்கம் மெல்லும் பழக்கம், கடைசிப் பல் எப்போது போனது, செட் எத்தனை மாதமாக இருக்கிறது, சாப்பிடும்போது போடுகிறாரா அல்லது கல்யாணத்துக்கு மட்டுமா, வெற்றிலை பாக்கு உண்டா என்பவையும் வேண்டும். பாக்குக் கேள்வியை மறைக்காமல் கேட்க வேண்டும். பாக்கு புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிசெய்தது. பாக்கால் கன்ன உட்சதை நாராகி வாய் திறப்பது குறைந்தவரிடம், தசை அளவைப் பார்க்கும் முன் வாயைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை. மூன்று விரல் நுழையாத வாய்க்குத் தடிமன் எண் எதையும் தீர்மானிக்காது.

அளவெடுக்க ஏற்ற காலம்: செட் பொருத்தும் அன்று ஒன்று, புண் ஆறிப் பழகிய பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. புதுச்செட்டை வைத்து மெல்லக் கற்றுக்கொள்ளவே முதல் இரண்டு மாதம் போய்விடும், அதற்குள் தசை தேறவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. எடுப்பவர் தன் கையின் பிழையை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்துப் பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பிழை 0.6 மில்லிமீட்டர் என்றால், 0.5 மில்லிமீட்டர் முன்னேற்றத்தை முன்னேற்றம் என்று எழுதக்கூடாது.

மூன்றாம் மாதமும் தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் உள்ள இடைவெளி கூடவில்லை என்றால் தசையைக் குறை சொல்லும் முன் கீழ்ச் செட்டைப் பார்க்க வேண்டும். பல் பிடுங்கிய முதல் வருடத்தில்தான் ஈறெலும்பு வேகமாகக் கரைகிறது. 25 ஆண்டு காலத்தைக் கணக்கில் எடுத்து 1972இல் டால்கிரன் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைந்திருந்தது. கரைந்த எலும்பின் மேல் கீழ்ச் செட் மிதக்கும், நாக்கு அசைந்தால் தூக்கும். அதைப் பிடித்து வைக்கவே நாக்குக்கும் கன்னத்துக்கும் வேலை சரியாக இருக்கும்போது, இறுக்கிக் கடிக்க யாருக்கும் துணிவு வராது. செட்டின் அடிப்பகுதியை ஈறுக்கு ஏற்ப மறுபூச்சு செய்து, புண் இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, கஞ்சியிலிருந்து குழைந்த சோறு, அதிலிருந்து வேகவைத்த கிழங்கு, அப்புறம் நன்றாக வெந்த பயறு என்று இரு பக்கமும் மென்று பழகச் சொல்லி, ஆறு வாரம் கழித்து அதே மையத்தில் அதே அமைப்பில் மறுபடி அளக்க வேண்டும்.